டெல்மா வீட்டு ரோபோ சுவர் ஏறிய நாள்

பாலைவனத்து நடுவே இருக்கிற எங்கள் மேசா ஊரில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு டெல்மா ஹோல்ஸ்டின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருபத்தெட்டு வருஷமாக அவள் தன் வீட்டுச் சமையலறை மேஜையை விட்டு நகராமல் அவர்களுக்கெல்லாம் ஃபோனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே போய் வேலை பார்த்தது அவள் கணவன் கார்வின். வேனில் எழுதியிருந்தது அவன் பெயர், வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியது அவள்.

குளம் வைத்திருக்கிறவர்களுக்கென்று ஒரு குணம் உண்டு. கூரை ஒழுகினால்கூட நாலு நாள் பொறுத்துக்கொள்வார்கள். குளத்து ரோபோ சுவர் ஏறவில்லை என்றால் மட்டும் வீடே இடிந்துபோன மாதிரி கூப்பிடுவார்கள். அந்த ரோபோவைத் தண்ணீருக்குள் விட்டால் தரையைத் தேய்க்கும், அழுக்கை உறிஞ்சும், அப்படியே சுவரைப் பிடித்து ஏறித் தண்ணீர் மட்டம்வரை போய், அங்கே ஒரு நிமிஷம் களகளவென்று சத்தம் போட்டுவிட்டு இறங்கும். ஏறுகிற அந்த அழகைப் பார்க்கத்தான் ஜனங்கள் அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது ஏறாமல் தரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

யார் கூப்பிட்டாலும் டெல்மா சொல்கிற முதல் பேச்சு ஒன்றுதான்.

"முதல்ல ஃபில்டரைக் கழுவுங்க. கழுவிட்டு என்கிட்ட பேசுங்க."

"நேத்துதானே கழுவினேன்."

"நேத்துதான் சாப்பிட்டீங்க. இன்னைக்குச் சாப்பிடலையா? கழுவுங்க."

அது கார்வின் போட்ட சட்டம். ரோபோ சுவரில் ஒட்டிக்கொள்வது தான் உறிஞ்சுகிற வேகத்தால்தான். உள்ளே இருக்கிற சல்லடைகள் அடைத்துக்கொண்டால் உறிஞ்ச முடியாது, உறிஞ்ச முடியாவிட்டால் பிடி விட்டுப்போகும், ஒரு அடி ஏறிச் சறுக்கி விழும். ஏறவில்லை என்று அழுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுதான் காரணம். மிச்சம் இரண்டு பேருக்குத் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருக்கும், இல்லை சுவர் பாசி பிடித்து வழுக்கும், இல்லை பிரஷ் தேய்ந்திருக்கும். ஃபில்டர் கழுவாத வீட்டுக்கு கார்வினின் வேன் போகாது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "அந்த லின்ட்சே தெருக்காரன் கழுவினானா?" என்று கேட்டுக்கொண்டேதான் தொப்பியைக் கழற்றுவான்.

டெல்மா பிறந்தது குளோப் ஊரில். தாமிரச் சுரங்கத்து ஊர், அப்பா சுரங்கத்தில் வேலை, குளிக்கிற தொட்டியைத் தவிர வேறு தண்ணீரை அவள் பார்த்ததில்லை. முப்பது வயதில் மேசாவுக்கு வந்து, குளத்துச் சாமான் விற்கிற கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். அங்கேதான் கார்வின் வாரத்துக்கு மூன்று தடவை வந்து ஒவ்வொரு ரப்பர் வாஷராக வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு டெல்மாதான் கேட்டாள். "ஏம்ப்பா, மொத்தமா ஒரு டஜன் வாங்கினா என்ன, கை உடைஞ்சிடுமா?"

"டஜன் வாங்கிட்டா அப்புறம் எதைச் சொல்லிட்டு வர்றது?" என்றான் அவன்.

அப்படிக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு முப்பத்தெட்டு, அவனுக்கு நாற்பத்தொன்று. பிள்ளைகள் இல்லை. வாங்க முடிந்த வீட்டில் ஒரு குளம் இருந்தது, அதில் தவளைதான் குடியிருந்தது. பகலெல்லாம் ஊரார் குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு வந்து, சாயங்காலம் சாயங்காலமாகப் பதினோரு நாள் அந்தக் குளத்தோடு மல்லுக்கட்டி, அடியில் கிடக்கிற காசைப் படிக்கலாம் என்கிற அளவுக்குத் தெளிய வைத்தான். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அதைக் கலங்க விட்டதில்லை. அவன் நீந்துவான், இவள் படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு அன்றைக்குக் கூப்பிட்டவர்களின் கதையைச் சொல்லுவாள். அவர்களுக்குச் சினிமா, நாடகம் எல்லாம் அதுதான்.

போன ஜனவரியில் கார்வினுக்கு நுரையீரலில் கட்டி என்று டாக்டர் சொன்னார். ஆறு வாரம்தான் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, குளம் தெரிகிற ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள்.

"டெல்மா, முப்பது வருஷமா ஊரான் வீட்டுத் தண்ணியைச் சுத்தம் பண்ணியிருக்கேன். முடிஞ்சப்புறம் என்னை நம்ம தண்ணியில போட்டுடு," என்றான் ஒருநாள்.

"தண்ணி அழுக்காயிடும்."

"குளிச்சிட்டுத்தான் சாவேன், போதுமா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "விளையாட்டுக்குச் சொல்லலை. மலை, ஏரின்னு எங்கயும் தூக்கிட்டுப் போயிடாதே. எனக்கு இங்கதான். நீ ஜன்னல்ல நின்னு பார்த்தா நான் தெரியணும்," என்றான். போடுகிறேன் என்று அவள் சத்தியம் செய்தாள். அவ்வளவு வருஷத்தில் அவன் அவளிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

பிப்ரவரி கடைசியில் போய்விட்டான். சாம்பல் ஒரு கறுப்புப் பெட்டியில் வந்தது. உடனே போட அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டி ஃபோன் பக்கத்திலேயே இருந்தது, மார்ச் போய், கோடை போய், செப்டம்பரும் வந்துவிட்டது. தொழிலை எஃப்ரென் எடுத்துக்கொண்டான். கார்வினிடம் பதினாலு வருஷம் வேலை பார்த்தவன், நல்ல மனுஷன். "ஃபோனை மட்டும் நீங்களே பாத்துக்குங்க டெல்மா. உங்க குரல் இல்லன்னா பாதிப் பேர் வேற ஆளைத் தேடிப் போயிடுவாங்க," என்றான். அவளுக்காகத்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சரி என்றாள். அந்த ஃபோனும் இல்லையென்றால் அந்த வீட்டில் அவளோடு பேச யார் இருக்கிறார்கள்?

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலையில் துணிந்தாள். அன்று அவர்கள் கல்யாண நாள். எஃப்ரென் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குளத்தின் பெரிய பம்ப் ஓடினால் சாம்பலை இழுத்துவிடும் என்று யோசித்து, அதை ஞாபகமாக அணைத்தாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, சமையலறைக் கோப்பையால் அள்ளி அள்ளி அவனைத் தண்ணீரில் விட்டாள்.

உப்பு மாதிரி கரைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். கரையவில்லை. கொஞ்சம் புகை போல் எழும்பியது, மற்றதெல்லாம் மணலாக இறங்கிச் சரிவில் வழிந்து ஆழமான பக்கத்தில் போய்ப் படிந்தது. நீலத் தரையில் ஒரு ஆள் படுத்திருக்கிற அகலத்துக்கு வெளுப்பாக ஒரு இடம். கரையாததில் அவளுக்கு ஒரு நிம்மதி. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் தெரிந்தது. பாத்திரம் கழுவப் போனபோது பார்த்தாள், கழுவி முடித்தும் பார்த்தாள், சும்மா ஒரு தடவை போயும் பார்த்தாள். "சொன்ன இடத்துலயே போட்டுட்டேன் பாத்தியா?" என்று வாய்விட்டே சொன்னாள். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த ஆழமான பக்கத்து மூலையிலேயே ரோபோவும் சும்மா கிடந்தது. அதையும் பார்த்தாள். திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்து மணிக்கு அது தானாக எழுந்து வேலையை ஆரம்பிக்கும். பெரிய பம்போடு அதற்குச் சம்பந்தம் கிடையாது, தனி ஒயர், தனி டைமர். கார்வின் எந்தக் காலத்திலோ வைத்துவிட்டது. இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆளைத்தான் அவள் கோப்பை கோப்பையாகத் தண்ணீரில் விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புழுதிப் புயல் வந்தது. எங்கள் ஊரில் வருஷத்துக்கு நாலு வரும், இது அந்த வருஷத்தின் கடைசி. தெற்கே பழுப்பாக ஒரு மதில் எழும்பி, இருபது நிமிஷத்தில் ஊரையே விழுங்கிவிட்டுப் போனது. குளம் முழுக்கப் பழுப்பு. ஜன்னலில் நின்றால் வெளுப்பு தெரியவில்லை. டெல்மா குளக்கரை வரை போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். காலைக்குள் மண் படிந்து தெளிந்துவிடும், அவன் எங்கேயும் போய்விட மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள்.

புயலுக்கு மறுநாள் குளத்து வேலை பார்க்கிறவர்களின் ஃபோன் எப்படி அடிக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறு மணிக்கு ஆரம்பித்தது. ஊரில் இருக்கிற ரோபோ எல்லாம் முந்தின நாள் விழுந்த மண்ணைத் தின்றுவிட்டு ஒன்றுகூட ஏறமாட்டேன் என்கிறது. காதில் மாட்டுகிற ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு ஒரு வாய் காபி குடிக்க நேரமில்லை.

"புது மெஷினுங்க. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

"கம்பெனிக்காரன் இருக்கட்டும். ஃபில்டரைக் கழுவினீங்களா?"

"அது எங்க இருக்கு?"

"மூடியைத் திறங்க. சேறாட்டம் ஒண்ணு இருக்குல்ல, அதுதான்."

இப்படிப் பதினாலு பேர். பதினைந்தாவதாக லீலண்ட் கூப்பிட்டார். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது, தனி ஆள். வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சாக்கு வைத்துக் கூப்பிட்டுவிடுவார். இன்றைக்கு நிஜமான காரணமே கிடைத்துவிட்டது.

"டெல்மா, சறுக்கி சறுக்கி விழுதும்மா. பாக்கவே பரிதாபமா இருக்கு. எனக்கு முதுகு குனியாது. நீ சொல்லச் சொல்ல மெதுவா செய்யறேன், ஃபோனை வெச்சிடாதே."

"நான் என்னைக்கு முதல்ல வெச்சிருக்கேன், லீலண்ட்?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து கோப்பையைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போடப் போனாள். ஜன்னலில் தன் குளத்தைப் பார்த்தாள். மண் படிந்து தண்ணீர் பாதிதான் தெளிந்திருந்தது, தரை இன்னும் மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் வீட்டு ரோபோ ஆழமான பக்கத்துச் சுவரில் ஒரு அடி ஏறியது, முனகியது, சறுக்கித் தரையில் உட்கார்ந்தது. மறுபடியும் ஏறியது. மறுபடியும் சறுக்கியது.

காலையிலிருந்து பதினாலு பேரிடம் சொன்ன வாய், அதே சூட்டில் இருந்தது. "இருங்க லீலண்ட், என் வீட்டு மகாராஜாவும் ஏறாமத்தான் நிக்கிறாரு. நானும் வெளிய வர்றேன், ரெண்டு பேருமாச் சேந்து கழுவிடுவோம்."

"உன் வீட்டுலயேவா? அப்ப என் மேல தப்பில்ல. இதுக்கே ஒரு பீர் குடிக்கலாம்," என்றார் லீலண்ட்.

"கழுவிட்டுக் குடிங்க. முதல்ல சுவிட்சை அணைங்க. ஒயரைப் பிடிச்சு மெதுவா மேல இழுங்க. கைப்பிடி கைக்கு வந்ததும் கொஞ்சம் நேரம் தண்ணி வடியட்டும். தூக்காதீங்க, உங்க முதுகுக்கு நான் பொறுப்பில்ல."

ஒவ்வொன்றையும் அவருக்குச் சொன்னாள், சொன்னதைத் தானும் செய்தாள். ரோபோவைக் கரைக்கு இழுத்தாள். என்ன கனம் என்று நினைத்தாள், புயல் மண்ணுக்குக் கனக்கத்தானே செய்யும். மூடியைத் திறந்து கூடையை எடுத்து, நாலு சல்லடைத் தகடுகளையும் கழற்றிச் சரளைக்கல் பரப்பிய தரைக்குக் கொண்டுவந்தாள். தோட்டத்துக் குழாயைத் திறந்தாள். எங்கள் ஊரில் எல்லோரும் கழுவுகிற இடம் அதுதான், தண்ணீர் தெருவுக்கு ஓடினால் அபராதம்.

"உள்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா அடிங்க. வேகமா அடிக்கணும். என்ன கலர்ல வருது?"

"பழுப்பா. காபி மாதிரி."

"அது புயல் மண்ணு. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடாதீங்க."

அவளுடைய முதல் தகட்டிலும் மேலே பழுப்புதான் வந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டாள். வேகமாகத் தண்ணீரை அடித்துக்கொண்டே, கண்ணால் ரோபோவின் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். அடுத்த தகட்டை எடுத்தாள். லீலண்ட் தன் ரெண்டாவது தகட்டில் ஒரு பல்லி இருந்த கதையைச் சொல்ல, சிரித்தாள். மூன்றாவதை எடுத்தாள்.

"எனக்கு இன்னும் பழுப்புதான். உனக்கு எப்படி வருது, டெல்மா?"

கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் குனிந்து பார்த்தாள்.

"வெள்ளையா வருது," என்றாள்.

"வெள்ளையா? அது எந்த ஊர் மண்ணு?"

அவள் இன்னும் கிட்டே குனிந்தாள்.

"டெல்மா, வெள்ளையா வந்தா என்ன கோளாறு? சுவர்ல பிளாஸ்டர் உதிருதா? பெரிய செலவா இருக்குமே."

அவள் கை குழாயைப் பிடித்தபடியே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது, விரல் மடங்கவில்லை. மூன்றாவது தகடு அவள் கண்ணெதிரே தெளிந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் குழாய் கீழே விழுந்தது. சரளைக்கல் நடுவே நொய்யரிசி மாதிரி வெள்ளைத் துகள்கள் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தன.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"என்ன ஆச்சு? நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல லீலண்ட். நீங்க நாலாவது தகட்டைக் கழுவுங்க," என்றாள். இருபத்தெட்டு வருஷப் பழக்கம் அவள் வாயால் அதையும் சொல்லிவிட்டது. பிறகு காதிலிருந்து ஃபோனைக் கழற்றிக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் முதலில் வைத்தாள்.

குழாயை மூடினாள். மண்டிபோட்டு உட்கார்ந்து கல்லை ஒதுக்கிவிட்டு அள்ளப் பார்த்தாள். பத்து மணி வெயிலுக்குக் கல் கையைச் சுட்டது. அள்ள அள்ளக் கையில் வந்தது ஈர மண். எங்கள் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், இரண்டு விரல் ஆழம் தோண்டினால் சுண்ணாம்பாட்டம் வெளுத்த கெட்டித் தரைதான். அந்த வெளுப்பும் அவன் வெளுப்பும் ஒன்றாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது மண், எது கார்வின் என்று அவளால் சொல்ல முடியவில்லை. "நான்தான் பண்ணினேன். என் கையாலயே பண்ணினேன்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அழுதாள்.

எஃப்ரென் வந்தபோதும் அப்படியேதான் இருந்தாள். லீலண்ட் பயந்துபோய் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். "அந்தம்மா பேசறதை நிறுத்திட்டாங்கப்பா, அவங்க நிறுத்தற ஆளே இல்ல" என்றாராம். எஃப்ரென் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வந்து, குளத்தைப் பார்த்தான், கரையில் கிடந்த ரோபோவைப் பார்த்தான், மூன்று சுத்தமான தகடுகளைப் பார்த்தான். சனிக்கிழமை விஷயம் அவனுக்குத் தெரியும். தொழில் தெரிந்தவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"டைமர்," என்றான் மெதுவாக.

"பம்பை அணைச்சேன் எஃப்ரென். பம்பை ஞாபகமா அணைச்சேன்."

"நான் வந்திருக்கணும். வேண்டாம்னு சொன்னாலும் வந்திருக்கணும்."

"புயல் மண்ணுன்னு நெனச்சேன். காலைலேர்ந்து எல்லாருக்கும் அதையே சொல்லிட்டிருந்தேனா, கை பாட்டுக்கு..."

எஃப்ரெனும் மண்டிபோட்டான். வேனிலிருந்து சின்ன முறம் கொண்டுவந்து, கல்லும் மண்ணுமாகக் கொஞ்சம் வாரி ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பார்த்தான். பழுப்பும் வெளுப்புமாக ஒரே சேறு. இரண்டு தடவை பார்த்துவிட்டு, வாளியை மெல்ல அதே இடத்தில் கவிழ்த்தான்.

அப்போதுதான் எஃப்ரென் நாலாவது தகட்டைக் கவனித்தான். கூடையில் சாய்த்து வைத்தபடியே இருந்தது. மேலே மெல்லிசாகப் பழுப்பு, அதற்குக் கீழே விரல் கனத்துக்கு வெளுத்த படிவு.

"டெல்மா, இது அப்படியே இருக்கு. இதைத் தண்ணியிலயே விட்டுடலாம். ரோபோவை நான் தூக்கிட்டுப் போயிடறேன். அவரு கேட்ட மாதிரி குளத்துலயே இருப்பாரு."

அவள் தகட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ரோபோ இல்லாம, பம்ப் இல்லாம தண்ணி எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

எஃப்ரென் பொய் சொல்ல நினைத்தான் போலிருக்கிறது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் குளத்து வேலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளிடம் என்ன பொய் சொல்வது? "இந்த வெயிலுக்கு ஒரு வாரம். அப்புறம் பச்சையாயிடும்," என்றான்.

"பச்சைத் தண்ணியில அவனை வெக்கச் சொல்றியா?"



டெல்மா குளத்தைப் பார்த்தாள். பிறகு ஈரம் காய்ந்துகொண்டிருந்த அந்த இடத்தைப் பார்த்தாள். காய்ந்த இடத்தில் கல்லின் மேல் பால் சிந்திக் காய்ந்தது போல ஒரு பூச்சு. அதன் மேல் லேசாகக் காற்று வர ஆரம்பித்திருந்தது.

"முக்கால்வாசி ஆளு இங்க வந்தாச்சு. கால்வாசியை மட்டும் அங்க கொண்டுபோய்ப் போட்டு அவனைப் பிரிச்சு வெக்க என்னால முடியாது," என்றாள்.

"குளத்துலதானே போடச் சொன்னாரு."

"தெரியும். என்கிட்டதான் சொன்னான்."

எழுந்து குழாயைத் திறந்தாள், இந்தத் தடவை கொஞ்சமாக. நாலாவது தகட்டை அதே இடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு மெல்லத் தண்ணீர் விட்டாள். முதலில் பழுப்பு வந்தது, அப்புறம் வெள்ளை. துகள் துகளாக விழுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் வழித்து விட்டாள். எஃப்ரென் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், உதடு மட்டும் அசைந்தது.

தகடு தெளிந்த பிறகும் அவள் குழாயை மூடவில்லை. கல்லின் மேல் இருந்த பூச்சு மறையும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். "காத்து வர்றதுக்குள்ள உள்ள இறங்கிடட்டும். அவன் எங்கயும் போக வேண்டாம்," என்றாள். அப்புறம் அந்த இடத்தைப் பார்த்து, "மன்னிச்சுடு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட, அதையும் என்னால செய்ய முடியல," என்றாள்.

கை சும்மா இருக்க முடியாமல் எஃப்ரென் நாலு தகடுகளையும் கூடையில் பொருத்தி, மூடியைச் சாத்தி, ரோபோவைத் தண்ணீரில் இறக்கிச் சுவிட்சைப் போட்டுவிட்டான். அது தரையில் ஒரு வட்டம் போட்டது. ஆழமான பக்கத்துச் சுவருக்கு வந்தது. மூக்கைத் தூக்கி, ஒரு தடுமாற்றம் இல்லாமல் விறுவிறுவென்று மேலே ஏறித் தண்ணீர் மட்டத்தில் நின்று களகளவென்றது.

"ஏறிடுச்சு," என்றான் எஃப்ரென், பதினாலு வருஷப் பழக்கத்தில், கொஞ்சம் சந்தோஷமாகவே. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றான்.

டெல்மா ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு லீலண்டைக் கூப்பிட்டாள். ஆளைப் பாதியில் விட்டுவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது.

"உங்களோடது ஏறுதா, லீலண்ட்?"

"ஏறுது ஏறுது. உன் புண்ணியத்துல உச்சி வரைக்கும் போகுது. நீ நல்லாயிருக்கியாம்மா? உன்னோடது ஏறுதா?"

ரோபோ இறங்கிப் போய் அடுத்த சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. குளத்தின் தரை நீலமாக, ஒரு துளி வெளுப்பு இல்லாமல், அவன் வைத்திருந்தது போலவே சுத்தமாக இருந்தது.

"ஏறுது," என்றாள். "நல்லா ஏறுது." அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

"அப்புறம் எதுக்கும்மா அழறே?"

"லேசாயிடுச்சு லீலண்ட். உள்ள ஒண்ணுமே இல்ல," என்றாள் டெல்மா.